புரோநோட்டு வக்கீல்

பழனியிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில், கூடை கூடையாகக் கொய்யா குவிந்து கிடக்கும் ஆயக்குடிச் சந்தையைக் கடந்து செல்கிறவர்கள், அவ்வூரில் விளைவது கொய்யா மாத்திரமே என்று எண்ணிவிடுகிறார்கள். காய்ப்புக்கு முன்பே தோப்பைப் பேசி முன்பணம் கொடுத்துவிடுகிற வியாபாரியும், அந்த முன்பணத்தைக் கொண்டு மகளின் கல்யாணத்தை நடத்திவிடுகிற தோட்டக்காரரும், இருவருக்கும் நடுவே ஒரு ரெவின்யூ ஸ்டாம்பும் உள்ளவரையில், புரோநோட்டு வக்கீல் என்னும் ஜீவனுக்கு அங்கே அன்னத்துக்குக் குறைவில்லை.

விடிந்தும் விடியாததுமாகத் திண்ணைக்கு வந்து, "நம்பிக் கொடுத்தேனுங்க, வக்கீலய்யா" என்று கட்சிக்காரர் தொடங்கும் சோக சரித்திரத்தில் ஒரு வார்த்தையையும் அவர் காதில் வாங்குவதில்லை. நோட்டை வாங்கியதும் முன்பக்கத்தைப் பாராமல் பின்பக்கத்தைத் திருப்புவார். கெடுவுக்குள் கடன்காரன் நூறு ரூபாயேனும் கொடுத்து, அதைத் தன் கையெழுத்தோடு வரவு வைத்திருந்தால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம் கிடைக்கும். "நூறு ரூபாய் ஒரு லக்ஷத்துக்கு உயிர் கொடுத்திருக்கிறது, பாரும்!" என்று பரவசப்படுவார். கெடு மே மாதத்தில் முடிந்துபோயிருந்தாலோ ஆனந்தம் இரட்டிப்பாகும். கோடை விடுமுறை கழிந்து கோர்ட்டுத் திறக்கும் நாளன்று பிராது கொடுக்கச் சட்டம் இடம் தருகிறதல்லவா?

திங்கட்கிழமை வாதிக்காக எழுந்து, கையெழுத்து ருசுவானால் பணம் கைமாறியதாகவே அனுமானிக்க வேண்டும் என்று 1881-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 118-வது பிரிவைக் கணீரென்று சொல்லும் அதே மனிதர், செவ்வாய்க்கிழமை பிரதிவாதிக்காக, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கப்பட்ட கொடுமையை அதே நீதிபதியின் முன்னிலையில் தழுதழுத்த குரலில் விவரிப்பார். இரண்டு நாளும் அவர் சத்தியத்தின் பக்கமே நிற்பதாக அவருடைய குமாஸ்தா சொல்லுகிறார்.

தம் தொழிலின் மகிமையைக் கேட்டால், 1906-இல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்ததையும், பணம் போட்டவர்களுக்காகப் போராடிய வக்கீல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் மறு வருஷமே இந்தியன் பாங்கி தோன்றுவதற்கு முன்னின்றதையும், தாமே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்போல் வர்ணிப்பார். அந்தப் பெரியவர் முறிந்த பாங்கியிலிருந்து புதிய பாங்கியை உண்டாக்கினார். நம்மவர் முறிந்த கடனிலிருந்து பீஸை உண்டாக்குகிறார்.

டிகிரி கிடைத்துவிட்டதென்று தேங்காய் உடைக்கிற கட்சிக்காரரைப் பார்த்து அவர் புன்னகை செய்வார். இந்நாட்டில் வழக்காடுகிறவனுடைய கஷ்டம் டிகிரிக்குப் பிறகே ஆரம்பிக்கிறது என்ற கருத்தைப் பிரிவி கவுன்சில் 1872-லேயே சொல்லிவிட்டது. நிறைவேற்று மனுவுக்குப் பன்னிரண்டு வருஷம் அவகாசமுண்டு. எதிராளி அதற்குள் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டால், அது வேறொரு கேஸ், வேறொரு பீஸ்.

அவரை நிலைகுலையச் செய்வது மொய் ஒன்றுதான். ஸ்டாம்பு இல்லை, வாங்கியவரின் கையெழுத்து இல்லை, கெடுவும் இல்லை. ஆயினும் பதினைந்து வருஷத்துக்கு முன் எழுதிய மொய், கோர்ட்டு வாசலை மிதிக்காமலே கூடுதலாகத் திரும்பி வந்துவிடுகிறது. இந்த அக்கிரமத்தை அவரால் சகிக்க முடிவதில்லை.

வாசகர்களில் எவரிடமேனும் இரண்டரை வருஷத்து நோட்டு ஒன்று பெட்டியில் கிடந்தால், இப்போதே அவரைப் போய்ப் பாருங்கள். ஆறு மாதம் தாண்டிப் போனால் பீஸ் கேட்க மாட்டார். காபி கொடுத்து அனுப்பிவிடுவார்.