பழைய சட்டைக்குப் புது மவுசு

கேள்வி: கிரிக்கெட் அணிக்குப் பழைய பாணியில் ஜெர்சி வந்தால் ரசிகர்கள் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?
- வாசகர், ராசிபுரம்

பதில்: 1992 உலகக் கோப்பை ஜெர்சியை நினைத்துப் பாருங்கள். கருநீலம், தோளில் வெள்ளை, பச்சை, சிவப்பு, நீலப் பட்டைகள், நெஞ்சில் மஞ்சளாக ‘இந்தியா’. நம் அணி அரையிறுதிக்கே போகவில்லை. சட்டை மட்டும் ஜெயித்துவிட்டது! அதே பாணி 2020 ஆஸ்திரேலியப் பயணத்தில் திரும்பியது. அப்பாக்களுக்கு இளம் டெண்டுல்கர் ஞாபகம். உங்கள் சேலம், நாமக்கல் பக்கத்துக்கோ இன்னும் பெரிய காரணம்: டிசம்பர் 2, கான்பெராவில் சின்னப்பம்பட்டி நடராஜன் தன் முதல் ஒருநாள் போட்டியில் லபுஷேனை போல்டாக்கியது அந்தச் சட்டையில்தான். விளம்பரதாரர் பெயரை மட்டும் இன்னும் சிறிதாகப் போட்டிருக்கலாம். நாட்டின் பெயர்தானே முதலில் கண்ணில் பட வேண்டும்?