மண்டபம் நிறைய ஆட்கள், சொல்லித்தர ஒருவரில்லை

யாழ்ப்பாணத்தில் நான் பெரியபிள்ளையானது ஊருக்கே தெரியும். தண்ணீர் வார்த்து, ஆலாத்தி எடுத்து, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உளுத்தங்களியும் தந்தார்கள். அந்த இரத்தம் எங்கிருந்து வருகிறது, எத்தனை நாளில் நிற்கும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அம்மம்மா பழைய வேட்டியைக் கிழித்து மடித்துத் தந்தா. தோய்த்ததை ஆண்களின் கண்ணில் படாமல் வேலியோரம், வேறொரு உடுப்புக்கு அடியில் காயப்போட வேண்டும். கிருமியைக் கொல்லும் வெயிலுக்குத்தான் அதைக் காட்டக்கூடாது! மாரியில் அது காயவே காயாது. ஈரத்துணியோடு பள்ளிக்கூடம் போய்த் தொடை உரசிப் புண்ணாகும். போரும் பொருளாதாரத் தடையுமான காலம், சவர்க்காரத்துக்கே தட்டுப்பாடு.

இப்போது இருப்பது மெல்பேர்னுக்குக் கிழக்கே, டண்டினோங் மலையடியில், த பேசினில். விக்டோரியாவின் அரசுப் பள்ளிகளில் 2019 இலிருந்து மாதவிடாய்க்கு வைக்கும் பாட் இலவசம். அவுஸ்திரேலியாவில் பாட்டுக்கு 2000 இல் வந்த 10 வீத வரியை எதிர்த்துப் பெண்கள் விடாமல் குரல் கொடுத்து, 2019 ஜனவரி 1 இல் அதை நீக்கவைத்தார்கள். இலங்கையிலோ 2018 செப்டம்பர் வரை இறக்குமதிப் பாட்டுக்கு வரி 101.2 வீதம். அந்த விலைக்குப் பயந்து எத்தனை தாய்மார் பிள்ளைக்குத் துணியையே மடித்துக் கொடுத்திருப்பார்கள்!

இங்கேயும் மண்டபம் பிடித்துச் சாமத்தியச் சடங்கு செய்கிறோம். அழைப்பிதழ், பல்லக்கு, வீடியோ எல்லாம் உண்டு. அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு அறிவித்த செய்தியை வீட்டில் தகப்பனுக்கும் தம்பிக்கும் மறைத்து, பாட் பக்கெட்டை அலுமாரியின் அடியில் சுருட்டி வைக்கிறோமே, அது எனக்குப் பொறுக்கவில்லை.

சடங்கு முடிந்த என் பெறாமகள் காலையில் வைத்த பாட்டோடு பின்னேரம் வரை இருந்தாள்.

"நிறையேல்லையே சித்தி, ஏன் மாத்த வேணும்?"

குசினி மேசையில் ஒரு பாட்டை விரித்துத் தண்ணீர் ஊற்றினேன். அவள் தம்பியையும் கூப்பிட்டு இருத்தினேன். வெட்டிக் காட்டினால் உள்ளே மரக்கூழ்ப் பஞ்சு, நீரை உறிஞ்சிக் களியாகிவிடும் தூள், அடியில் கசியவிடாத பிளாஸ்டிக் தாள். மேலே ஈரம் தெரியாததால் சுத்தமாக இருப்பதாகத் தோன்றும். வியர்வையும் கிருமியும் அங்கேதான் சேரும், நாலு முதல் ஆறு மணித்தியாலத்தில் மாற்ற வேண்டும் என்றேன். இறக்கைகளை உள்ளாடையின் அடிப்பக்கமாக மடித்து ஒட்டுவதையும், கழற்றியதைச் சுருட்டிப் புதியதன் உறையில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போடுவதையும் காட்டினேன். கழிவறைக்குள் போட்டால் குழாய் அடைத்துவிடும்.

சடங்குக்கு அழைப்பு வந்தால் இப்போது தாயிடம் முதலில் கேட்பது, பிள்ளைக்குப் பாட் வைக்கத் தெரியுமா என்றுதான். சிலருக்கு அது பிடிப்பதில்லை. இளைய மகள் இருக்கிற வீடென்றால், ஒன்பது வயதிலேயே அவளுக்கும் சொல்லிவிடுங்கள் என்கிறேன். அந்த வயதிலேயே சில பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது.