கம்பியில்லாப் பிரிண்டரின் கர்த்தாக்களுக்கு ஒரு விஞ்ஞாபனம்

மகாராஜராஜஸ்ரீ வாடிக்கையாளர் சேவைப் பகுதித் தலைவர் அவர்கள் சமூகத்துக்கு,

தங்கள் ஸ்தாபனத்தின் கம்பியில்லாப் பிரிண்டர் ஒன்றை முழு விலையும் கொடுத்து வாங்கி, கூடத்து மூலையில் ஒரு மேஜைமேல் பிரதிஷ்டை செய்து, அதன் கடாட்சத்துக்குக் காத்திருக்கும் ஒரு சாமானியக் குடும்பஸ்தன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இவ்விடத்தில் நான், என் மனைவி, பேத்தி, லேப்டாப், ரவுட்டர், பிரிண்டர் ஆகிய யாவரும் தனித்தனியே க்ஷேமம். பிற்கூறிய மூவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் ஒருவரை ஒருவர் அறியார் என்பதைத் தவிர வேறு குறை கிடையாது. தங்கள் ஸ்தாபனத்தின் திருநாமத்தை நான் இங்கே குறிக்காமல் விட்டதற்குக் காரணம் பயமோ மரியாதையோ என்று தாங்கள் ஐயுற வேண்டாம். இதே விஞ்ஞாபனத்தை, எழுத்து ஒன்றும் மாற்றாமல், வெவ்வேறு கம்பெனிகளின் பிரிண்டர்களை வாங்கிய என் அண்டை வீட்டார் தத்தம் கம்பெனிக்கு அனுப்ப விரும்புகிறார்கள். அவர்களுடைய சௌகரியத்தை உத்தேசித்தே இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

விஷயம் இது. பிரிண்டரின் நெற்றியில் நீல விளக்கு அசையாமல் எரிகிறது. அவ்வாறு எரிந்தால் அது வைஃபையில் சேர்ந்துவிட்டது என்று பொருள்படும் எனத் தங்கள் கையேடு கூறுகிறது. லேப்டாப்பும் அதே வைஃபையில் சேர்ந்து, உலகத்தின் எந்த மூலையிலுள்ள செய்தியையும் கண நேரத்தில் என்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஆயினும் ஏழடி தூரத்தில் வீற்றிருக்கும் பிரிண்டரைச் சேர்க்கும்படி பணித்தால், நெடுநேரம் சக்கரம் சுழற்றிவிட்டு, பிரிண்டர் எதுவும் காணப்படவில்லை என்று அறிவிக்கிறது. இதற்கிடையே என் பேத்தி தன் போனிலிருந்து ஒரு யானைப் படத்தை அதே பிரிண்டருக்கு அனுப்பி, அது வர்ணங்களுடன் வெளிவந்து என் மடியில் விழுந்தது. யானையைப் பார்த்தேன்; லேப்டாப்பைப் பார்த்தேன்; பிரிண்டர் இல்லை என்ற தன் கட்சியில் அது உறுதியாகவே நின்றது.

தங்கள் கஸ்டமர் கேரில் பேசிய இளைஞர் மரியாதையில் யாதொரு குறையும் வைக்கவில்லை. "சார், லேப்டாப்பும் பிரிண்டரும் ஒரே வைஃபைல இருக்கா சார்?" என்றார். இருக்கின்றன என்றேன். "சார், ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்றார். செய்தேன். டிரைவரை நீக்கிவிட்டு மறுபடியும் போடச் சொன்னார். அதையும் பேத்தியின் ஒத்தாசையால் செய்து முடித்தபின், சற்று மௌனம் சாதித்து, "அப்ப இது ரவுட்டர் பிராப்ளம் சார், நெட் கம்பெனில கேளுங்க சார்" என்று அருளினார். நெட் கம்பெனியில் கேட்டால், "நெட் வருதுல்ல சார்? வருதுன்னா எங்க பக்கம் கம்ப்ளைன்ட் இல்ல சார்" என்கிறார்கள். லேப்டாப் விற்ற கடையிலோ, "பிரிண்டர்காரங்களத்தான் கேக்கணும் சார்" என்று சொல்லி வட்டத்தைப் பூர்த்தி செய்துவிட்டார்கள். மூன்று தரப்பாரும் தாங்கள் நிரபராதிகள் என்று சந்தேகத்துக்கு இடமின்றி ஸ்தாபித்துவிட்ட ஒரு வழக்கில், குற்றவாளியாக எஞ்சி நிற்பவன் காசு கொடுத்தவன் ஒருவனே என்று நியாயம் தெரிந்த எவரும் ஒப்புக்கொள்வர்.

ஓய்வு பெற்றவனுக்குப் பழைய புஸ்தகங்களைப் புரட்டும் வழக்கம் உண்டு. லேப்டாப்பின் வாதத்தை நம் முன்னோர் எங்கேனும் ஆராய்ந்திருக்கிறார்களா என்று தேடியபோது, குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்கள் அதைப் பெயரிட்டே வைத்திருப்பது தெரியவந்தது. பிரத்தியட்சம், அநுமானம் முதலிய பிரமாணங்களோடு அநுபலப்தி என்ற ஒன்றையும் ஆறாவதாக அவர்கள் அங்கீகரிக்கிறார்கள். அத்வைதிகளும் அதை ஏற்றுக்கொண்டனர். நையாயிகர்களோ தனிப் பிரமாணம் தேவையில்லை என்று மறுத்தனர். தரையில் குடம் இருப்பதைக் காணோம், ஆகையால் குடம் இல்லை என்று அறிகிறோமே, அந்தக் காணாமையே அவ்வறிவுக்குப் பிரமாணம் என்பது மீமாம்சகர்கள் பக்ஷம். தங்கள் பிரிண்டரைத் தேடும் லேப்டாப் இக்கட்சியைச் சேர்ந்த பரம மீமாம்சகர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த ஆசாரியர்கள் அதனுடன் ஒரு நிபந்தனையையும் விதித்திருக்கிறார்கள் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். குடம் அங்கே இருந்திருந்தால் அது கண்ணுக்குப் புலப்பட்டே தீரும் என்னும்படியான சூழ்நிலையில்தான் காணாமை பிரமாணமாகும்; இருட்டறையில் நின்றுகொண்டோ கண்ணை மூடிக்கொண்டோ குடத்தைக் காணோம் என்று கூவுபவனுடைய வார்த்தை சபையில் எடுபடாது. தங்கள் கையேட்டை எழுதியவர்கள் மீமாம்சையின் முற்பகுதியைப் படித்துவிட்டு இந்தப் பிற்பகுதியைப் படிக்காமல் எழுந்து போய்விட்டார்கள் போலும்.

ஏனெனில் லேப்டாப் கண்ணை மூடிக்கொள்ளும் சந்தர்ப்பங்கள் பல. புதிதாக ஒரு வைஃபையில் சேரும்போது அதைப் 'பப்ளிக்' என்று அது தன் ஏட்டில் குறித்துக்கொள்வது சகஜம். அப்படிக் குறித்துக்கொண்டபின், ரயில் நிலையத்தில் அந்நியர் மத்தியில் அமர்ந்திருப்பதாகவே பாவித்து, அக்கம்பக்கத்து யந்திரங்களைத் தேடுவதுமில்லை, தன்னை அவற்றுக்குக் காட்டிக்கொள்வதுமில்லை. செட்டிங்ஸில் அதைப் 'பிரைவேட்' என்று மாற்றிவிட்டால் பாதி வீடுகளில் கண் திறந்துவிடும் என்று நம்புகிறேன். ஆபீஸ் லேப்டாப்பாக இருந்து அதில் வி.பி.என். ஓடிக்கொண்டிருந்தால், அதன் சிந்தை முழுவதும் தலைமை ஆபீஸிலேயே லயித்திருக்கும். வீட்டிலுள்ளது ஒன்றும் தெரியாது. விருந்தினர்க்கென்று ரவுட்டரில் வைத்திருக்கும் தனி வைஃபையில் லேப்டாப் சேர்ந்திருந்தாலோ, விருந்தாளி வீட்டுச் சாமான்களைத் தொடலாகாது என்ற நல்ல நோக்கத்துடன் ரவுட்டரே இடையில் சுவர் எழுப்பிவிடும்.

இனி அந்த இளைஞர் கேட்ட "ஒரே வைஃபை" என்ற கேள்விக்கு வருகிறேன். இக்காலத்து ரவுட்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளில் பேசுகின்றன. தங்கள் பிரிண்டரைப் போன்ற வீட்டுப் பிரிண்டர்களில் பலவற்றுக்கு முன்னதன் பாஷை மட்டுமே தெரியும். முன்னது சுவர்களை ஊடுருவிச் சற்றுத் தூரம் செல்லும், வேகம் குறைவு. பின்னது வேகமுள்ளது, சுவருக்கு அஞ்சுவது. ரவுட்டர் இரண்டையும் ஒரே வலைப்பின்னலாக இணைத்துவிடுமாதலால், சேர்ந்துவிட்ட யந்திரங்களுக்கு இந்தப் பேதம் பெரும்பாலும் ஒரு பொருட்டாவதில்லை. ஆனால் சேருவதற்கு முன்னால், 5இல் மட்டும் ஒலிபரப்பாகும் வைஃபைப் பெயரின்முன் தங்கள் பிரிண்டரை எத்தனை நாள் நிறுத்திவைத்தாலும் அதன் காதில் அது விழாது. இச்செய்தி தங்கள் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. பூதக்கண்ணாடி உள்ளவர்கள் படித்துக்கொள்ளலாம்.

பாஸ்வேர்டு அடிக்கும் சிரமம் வேண்டாமென்று தாங்கள் கருணையுடன் வைத்திருக்கும் பொத்தான் முறையையும் பரீக்ஷித்தேன். முதலில் ரவுட்டரின் பொத்தானை அழுத்தி, 2 நிமிஷத்துக்குள் பிரிண்டரின் பொத்தானையும் அழுத்திவிட வேண்டும் என்பது விதி. ரவுட்டர் மாடியில் அலமாரியின் உச்சியில் இருக்கிறது. முழங்கால் வலியுள்ள ஒரு மனிதன் முக்காலியிலிருந்து இறங்கி மாடிப்படிகளையும் கடந்து கூடத்தை அடைவதற்குள் முகூர்த்தம் தவறிவிடுகிறது என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

எல்லாவற்றிலும் விசேஷமானது விலாசச் சமாசாரம். பிரிண்டருக்கு நிலையான விலாசம் கிடையாது. ரவுட்டர்தான் வந்து சேரும் ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஓர் எண்ணைத் தற்காலிகக் குத்தகையாக வழங்குகிறது. லேப்டாப்போ முதல்நாள் அறிந்த எண்ணையே பிரிண்டரின் சாசுவத விலாசமென்று நம்பி, ஒவ்வொரு காகிதத்தையும் அவ்விடத்துக்கே அனுப்பும் சுபாவமுடையதாய் இருக்கலாம். எங்கள் தெருவில் கரண்ட் போவதும் வருவதும் இயற்கையின் ஒழுங்குகளில் ஒன்று. கரண்ட் போய் வந்தபின் ரவுட்டர் தன் பழைய கணக்கை மறந்து, யார் முதலில் வந்தாரோ அவர்க்கு முதல் எண் என்று மறுபடியும் பட்டுவாடா செய்தால், நேற்றுப் பிரிண்டர் குடியிருந்த விலாசத்தில் இன்று தொலைக்காட்சிப் பெட்டி குடியேறியிருக்கும். லேப்டாப் அங்கே போய்க் கதவைத் தட்டி, பதில் வராததால் 'ஆஃப்லைன்' என்று எழுதிவிட்டுத் திரும்பிவிடும். ரவுட்டரிடமிருந்து எண்ணே கிடைக்காமற்போனால் யந்திரம் 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தானே சூட்டிக்கொள்ளும். அதைக் கண்டால், ரவுட்டருடன் அதற்குப் பேச்சுவார்த்தை அறுந்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

விலாசம் தெரியாமலே தேடுவதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. 224.0.0.251 என்னும் பொது எண்ணுக்கு, இங்கே பிரிண்டர் யாரேனும் உண்டா என்று தண்டோராப் போட்டால், உள்ளவர் பதில் சொல்ல வேண்டும். இம்முறையின் விதிகள் 2013இல் முறைப்படி வெளியிடப்பட்டன. பேத்தியின் போன் யானையை அச்சிட்டது இந்த வழியால்தான் என்று கருதுகிறேன். சில ரவுட்டர்கள் இத்தகைய பொது அறிவிப்புகளை அநாவசியக் கூச்சலென்று எண்ணித் தடுத்துவிடுகின்றன. தடுக்காத இடத்திலும், கண்ணை மூடிய லேப்டாப் தண்டோராவே போடுவதில்லை.

இவ்வளவும் தெரிந்தபின் நிவாரணம் எளிதாயிற்று. தங்கள் பிரிண்டரின் பொத்தான்களை ஒரு குறிப்பிட்ட விதமாக அழுத்திப் பிடித்தால், யாருடைய தயவும் இன்றித் தன் விலாசத்தைத் தானே ஒரு தாளில் அச்சிட்டு நீட்டுகிறது. அந்த எண்ணை லேப்டாப்பில் கையால் பதித்தேன். அதுவரை நாஸ்திகம் பேசிய லேப்டாப் மறுகணமே பிரிண்டரை ஒப்புக்கொண்டது. பிறகு பேத்தி ரவுட்டருக்குள் புகுந்து, இந்த எண் இந்தப் பிரிண்டருக்கே என்று பட்டா எழுதிவைத்தாள். அன்றுமுதல் கரண்ட் போய் வந்தாலும் பிரிண்டர் குடிபெயர்வதில்லை. இந்த இரண்டு காரியங்களையும் தங்கள் கையேடு முதல் பக்கத்தில் சொல்லியிருந்தால் இந்த விஞ்ஞாபனத்துக்கே அவசியம் நேர்ந்திராது. அந்தப் பக்கத்திலோ, பிரிண்டரைக் கண்டு களிக்கும் ஒரு குடும்பத்தின் வர்ணப் படம் இருக்கிறது.

தரங்கம்பாடிக்கு அச்சு யந்திரம் வந்த வரலாற்றைத் தங்களுக்கு நினைவூட்டுவது அதிகப்பிரசங்கமாகாது என்று எண்ணுகிறேன். தரங்கம்பாடியிலிருந்த சீகன்பால்கு பாதிரியாருக்காக லண்டனிலிருந்து ஓர் அச்சு யந்திரத்தைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். அந்தக் கப்பல் வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியது. யந்திரத்தை ஓட்டத் தெரிந்து உடன்வந்தவர் கரையைக் காணாமலே இறந்துபோனார். அப்படியும் யந்திரம் 1712இல் தரங்கம்பாடியை அடைந்தது. ஜெர்மனியில் வார்த்தனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்து காகிதத்தை விழுங்கவே, அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வெளிவந்தது. யுத்தமும் மரணமும் இரண்டு மகாசமுத்திரங்களும் தடுக்க முடியாத அச்சுத் தொழிலை, முந்நூறு வருஷங்களுக்குப்பின் என் வீட்டுக் கூடத்தின் ஏழடி தடுத்து நிறுத்திவிட்டது. தங்கள் எஞ்சினியர்களின் சாதனையைக் குறைத்து மதிப்பிட நான் தயாராக இல்லை.

பிரிண்டரால் விளையும் கோபம் சாமானியமானதன்று என்பதற்கும் சரித்திரத்தில் சாட்சி இருக்கிறது. 1980ஐ ஒட்டி அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சிக்கூடமொன்றில் ஒரு லேசர் பிரிண்டர் இருந்தது. காகிதம் சிக்கிக்கொண்டால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் தரும்படி அதன் நிரலைத் திருத்த ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற இளைஞர் விரும்பினார். அந்த நிரலின் மூலப்பிரதி அவருக்கு மறுக்கப்பட்டது. அந்த மறுப்பு அவர் மனத்தில் தங்கியது. 1983இல் அவர் க்னூ இயக்கத்தை அறிவித்தார். யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற மென்பொருள் உலகமே அதன் வழியில் கிளர்ந்தெழுந்தது. எனக்கு அந்த வயதும் ஆற்றலும் இல்லையாதலால் தாங்கள் அஞ்ச வேண்டியதில்லை. பேத்தியைப் பற்றி நான் உத்தரவாதம் தர முடியாது.

ஆகவே தங்களிடம் கோருவது சொற்பமே. பெட்டியின் மேல், 2.4இல் மட்டுமே இது இயங்கும் என்பதை மனிதர் கண்ணுக்குத் தெரியும் அளவில் அச்சிடுங்கள். விலாசத் தாளை அச்சிடும் முறையையும், ரவுட்டரில் அவ்விலாசத்தை நிலைப்படுத்தும் முறையையும் கையேட்டின் முகப்பில் தமிழில் எழுதுங்கள். பிரிண்டரைச் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு செயலியை இறக்கி, ஒரு கணக்கைத் திறந்து, என் பிறந்த தேதியையும் தெரிவிக்க வேண்டுமென்ற நிபந்தனையைக் கைவிடுங்கள். நான் எந்த வருஷம் பிறந்தேன் என்பதற்கும் ரேஷன் கார்டு நகல் எடுப்பதற்கும் சம்பந்தமில்லை.

இவற்றுள் ஒன்றும் சாத்தியப்படாவிடில், கடைசியாக ஒரு வேண்டுகோள். தங்கள் பிரிண்டரின் முதுகில் யு.எஸ்.பி. கேபிள் சொருகுவதற்கு ஒரு துவாரம் இருக்கிறது. அதில் சொருகினால் அலைவரிசை, விலாசம், தண்டோரா எதுவும் வேண்டாம். லேப்டாப் உடனே பிரிண்டரைக் கண்டுகொள்கிறது. அந்தக் கேபிளை மட்டும், தனியே வாங்கிக்கொள்ளவும் என்று எழுதிவிட்டு, பெட்டிக்குள் வைக்காமல் விட்டுவிட்டீர்கள். இனிமேலாவது ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கேபிளை வைத்து அனுப்பும்படி உத்தரவிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிந்த வாடிக்கையாளன்