மை படாத கை வாழ்க!

பெருமதிப்பிற்குரிய மேனேஜர் அண்ணாச்சி அவர்களின் பணி நிறைவு விழாவில், அலுவலகத்தார் சார்பில் வாசித்தளிக்கும் வாழ்த்து மடல்.

அண்ணாச்சி, இந்தப் பட்டாசு ஆலையில் உங்களுக்கு எதிரி என்று ஒருவர்கூட இல்லை. இருந்தவர்கள் எல்லாரும் வேறு ஆலைகளில் இருக்கிறார்கள். அனுப்பி வைத்ததும் நீங்கள்தான். 1963-ல் நம் விருதுநகர்க்காரர் காமராசர், மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்கு வர வேண்டும் என்று திட்டம் சொல்லி, தாமே முதலமைச்சர் நாற்காலியிலிருந்து எழுந்தார். அந்தத் திட்டத்தில் இருந்த ஒரே குறையை நீங்கள் நீக்கினீர்கள். தாம் எழ வேண்டியதில்லை, பக்கத்து நாற்காலிக்காரரை எழுப்பினால் போதும் என்று காட்டினீர்கள்.

நம் ஊர்த் தொழிலின் முன்னோடிகளான ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். கற்றதைப் பூட்டி வைக்கத் தெரியாத வெள்ளந்திகள்; ஊர் முழுக்கத் தொழில் பரவிவிட்டது. பிற்பாடு தொழிலைப் பிரித்துக்கொண்டபோதும் அணில் மார்க், காக்கா மார்க் என்று கௌரவமாகவே பிரிந்தார்கள். உங்களுக்குத்தான் எவ்வளவு பெருந்தன்மை! அணில் போல உழைக்கிற வேலையை எங்களுக்கு விட்டுக்கொடுத்து, காக்கா பிடிப்பதோடு நிறுத்திக்கொண்டீர்கள்.

உங்கள் கணக்கு நேர்த்தியும் யாருக்கும் வராது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடி கூடாது, பேரியம் கூடாது, பசுமைப் பட்டாசுதான் என்று தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து விற்பனை சரிந்தால் அது தீர்ப்பால். ஏறினால் அது உங்களால்.

ஆனால் உங்கள் புகழ் நிலைக்கப் போவது வேறொன்றால். இத்தனை வருடத்தில் நீங்கள் எழுதி ஓர் உத்தரவு போட்டதில்லை. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, அறைக்கு வெளியே மரத்தடியில் வேலை கூடாது, கலந்த மருந்தை மறுநாளுக்கு மிச்சம் வைக்கக் கூடாது என்பதெல்லாம் சுவரில் எழுதியிருக்கிறது. தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது போர்மேன் வந்து தலையைச் சொறிவார். நீங்கள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, “பாத்துச் செஞ்சுக்கிருங்கப்பா” என்பீர்கள். எத்தனை பேரை உட்கார வைப்பது, எந்த மரத்தடி, எவ்வளவு மிச்சம், எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கும். ரிஜிஸ்டரில் மட்டும் இருக்காது. அங்கே போர்மேன் கையெழுத்துதான் இருக்கும்.

ஒரு மழைநாள் மத்தியானம், எல்லாரும் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மருந்து அறை ஒன்று தானாக வெடித்துக் கூரை போனது. உள்ளே ஆள் இல்லை, குலசாமி புண்ணியம். முந்தின நாள் மிச்சம் வைத்த கலவையில் ஈரம் ஏறிச் சூடாகியிருக்கும் என்று வயசாளிகள் முணுமுணுத்தார்கள். நீங்கள்தான் தெளிவாக, “மருந்து உராய்வு” என்றீர்கள். ஆளே இல்லாத அறையில் எது எதோடு உரசியது என்று யாரும் கேட்கவில்லை. உராய்வைப் போல நல்ல சக ஊழியர் கிடைப்பாரா? எதிர்த்துப் பேசாது, சாட்சி சொல்ல வராது. அன்று ஸ்டேஷனில் இரவெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் போர்மேன். மறுநாள் அவர் வீட்டுக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனவர் நீங்கள்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து. 38 பேருக்குக் குறையாமல் போனார்கள். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம். 20 பேருக்கு மேல். உள்குத்தகை விவகாரம் வெளியே வந்தது, பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. இந்தப் பக்கத்தில் அன்றைக்கு உலை வைக்காத வீடுகள் உண்டு. அப்போதும் நீங்கள் நிதானம் இழக்கவில்லை. பேப்பரில் யார் யார் கைது என்ற பத்தியை மட்டும் பேனாவால் வட்டம் போட்டு, மேனேஜர் என்ற சொல் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தீர்கள்.

உங்களுக்கும் ஒரு சோதனை வந்தது. கெமிஸ்ட்ரி படித்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண், நீங்கள் வாயால் சொன்னதை அப்படியே ரிஜிஸ்டரில் ஏற்றினாள்: “காலை 9.40, மேனேஜர் வாய்மொழி உத்தரவு, ஐந்தாவது ஆள்.” கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. நோட்டைக் கொண்டுவந்து உங்கள் மேஜையில் வைத்து, “சார், ஒரு கையெழுத்து” என்று பேனாவையும் நீட்டினாள். பெரியவர்களிடம் நடந்துகொள்ளத் தெரியாத பிள்ளை! அன்றைக்கு ஐந்தாவது ஆள் தேவைப்படவில்லை.

நீங்கள் கோபப்படவில்லை, அது உங்கள் குணமில்லை. முதலாளியிடம், “படிச்ச திமிரு, ஆர்டர் கெட்டுப்போகும்” என்றீர்கள். போர்மேனிடம், “உன்னயப் போட்டுக் குடுக்கத்தான் எழுதுது” என்றீர்கள். அவளிடம், “போர்மேன்தாம்மா உன்னப் பத்தி முதலாளிகிட்ட ஓதுறாரு, நான்தான் தாங்கிப் பிடிச்சிருக்கேன்” என்றீர்கள். மூன்று காதுக்கும் மூன்று கதை, எவ்வளவு உழைப்பு! இரண்டு மாதம் போர்மேனும் அவளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆபீஸ் அமைதியாக இருந்தது.

பிறகு ஒரு நாள் டீ நேரத்தில் இரண்டு பேரும் பேசித் தொலைத்துவிட்டார்கள். “உங்ககிட்ட என்ன சொன்னாரு?” என்று ஒருவரை ஒருவர் கேட்டிருக்கிறார்கள். இப்படி நேருக்கு நேர் கேட்டுக்கொள்ளும் கெட்ட பழக்கம் அதற்குப் பிறகு பேக்கிங் வரைக்கும் தொற்றிவிட்டது. இப்போது போர்மேனும் ஏட்டில் எழுதாமல் எதையும் செய்வதில்லை. உங்கள் காலத்து நிர்வாகம் இனி வராது என்று நினைக்கும்போது நெஞ்சை அடைக்கிறது.

நாளை முதல் நீங்கள் ஆலோசகர் என்று முதலாளி அறிவித்திருக்கிறார். பொருத்தம்! ஆலோசனைக்குக் கையெழுத்து தேவையில்லை.

நிறைவாக, எங்கள் அன்பின் அடையாளமாக அரைப் பவுன் மோதிரமும் ஒரு பொன்னாடையும். பெற்றுக்கொண்டதற்கு வவுச்சரில் கையெழுத்து வேண்டும் என்று கணக்குப்பிள்ளை நிற்கிறார். உங்களுக்கு எதற்கு அண்ணாச்சி அந்தச் சிரமம்? “இதுதான் கடைசி” என்று சொல்லி, போர்மேனே போட்டுவிட்டார்.