நிற்கிறவர்

போடிநாயக்கனூர்க்காரர்களுக்குத் தேர்தல் என்றால் காலை டீ மாதிரி. 1989-இல் ஜெயலலிதா சேவல் சின்னத்தில் நின்று முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குப் போனது எங்கள் தொகுதியிலிருந்துதான். 2014-இல் ஓ. பன்னீர்செல்வம் முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தபோது அவரும் எங்கள் எம்.எல்.ஏ.தான். ஆகவே வேட்பாளர் யாரையும் கண்டு இந்த ஊர் மிரளாது. ஒரே ஒருவரைக் கண்டுதான் மிரண்டது. அவர் ஒரு கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவுக்கு நிற்கிறவர்.

ஊரில் அவருக்குப் பெயர் லினக்ஸ் தம்பி. முப்பத்தைந்து வயதானாலும் தம்பிதான். மடிக்கணினியின் மூடி கறுப்பா வெள்ளையா என்று அதை விற்ற கடைக்காரருக்கே இன்று தெரியாது, அவ்வளவு ஸ்டிக்கர். 2023 செப்டம்பரில் டெபியன் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டக்காரர்களின் உலக மாநாடு கொச்சியில் நடந்தபோது மலையைத் தாண்டிப் போய் ஒரு டி-சர்ட் வாங்கி வந்தார். தீபாவளிக்கும் அதுதான். பெண் பார்க்கப் போனபோதும் அதுதான். அங்கே பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளை எந்தக் கம்பெனி?" என்று கேட்டிருக்கிறார். "கம்பெனியெல்லாம் இல்லீங்க மாமா, சமூகம்" என்றாராம் நம்மவர். "அது ஜாதகத்துலயே போட்டிருக்கே தம்பி, வேலையச் சொல்லுங்க" என்றாராம் அவர். சம்பந்தம் அதோடு நின்றது.

திட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்கும் அதில் ஓர் ஓட்டு உண்டு. குழுவில் ஐந்து இடம். நிற்கப்போவதாகத் தம்பி முதலில் அறிவித்தது பேருந்து நிலையம் பக்கத்து டீக்கடையில்.

"டெபாசிட் எவ்வளவு?" என்றார் கடைக்கார மாமா.

"கிடையாது மாமா."

"சம்பளம்?"

"கிடையாது."

"ஜெயிச்சா யாரையாச்சும் வேல வாங்கலாமா?"

"முடியாது. எல்லாரும் தன்னார்வலருங்க."

மாமா பாய்லரைத் திருகி அடைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "அப்புறம் எதுக்குய்யா நிக்கிற?"

மாமா கேட்டது சின்னக் கேள்வி இல்லை. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டத்தில் வருஷா வருஷம் தலைவர் தேர்தல் நடக்கிறது. எந்தத் தன்னார்வலரையும் வேலை செய்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என்று அவர்களுடைய அமைப்புச் சட்டமே சொல்கிறது. தலைவருக்கும் விலக்கில்லை. 2019-இல் என்ன ஆயிற்று தெரியுமா? மனுத்தாக்கல் கெடு முடிந்தது; ஒருவர்கூட மனுப் போடவில்லை. கெடுவை ஒரு வாரம் நீட்டிய பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். மறு வருஷம் கேரளத்துச் சுருதி சந்திரன் உட்பட மூன்று பேர் நின்றார்கள். இதைச் சொன்னதும் டீக்கடையில் சத்தமே இல்லை. வார்டு கவுன்சிலர் சீட்டுக்கு ஒன்பது பேர் முட்டிக்கொள்கிற ஊரில், ஆளே நிற்காத தேர்தல் என்றால் யார் நம்புவார்கள்?

தம்பிக்குப் பிடித்த கதை வேறு. பைத்தான் மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம் பல வருஷம் அதன் 'வாழ்நாள் தலைவர்'. இரண்டு புள்ளியும் பக்கத்தில் ஒரு சமக்குறியுமாக ஒரு புதுக் குறியைச் சேர்ப்பதில் வந்த சண்டை, எங்கள் ஊர் வரப்புத் தகராறு தோற்றுப்போகும் அளவுக்கு முற்றியது. 2018 ஜூலையில், போதுமடா சாமி என்று மனிதர் விலகிவிட்டார். அதன் பிறகுதான் ஐவர் குழு என்ற ஏற்பாடே வந்தது. 2019-இல் நடந்த முதல் தேர்தலில் அந்த ஐந்து பேரில் ஒருவராகக் கைடோவே ஜெயித்தார். "விலகுறேன்னு சொல்லிட்டுத் திரும்ப வந்து நின்னாரா? அப்ப நம்ம ஊரு ஆளுதான்" என்று மாமா அவரைச் சேர்த்துக்கொண்டார்.

தம்பியின் கொள்கை அறிக்கை பதினோரு பக்கம். ஒளிவுமறைவின்மை எட்டு இடத்தில் வருகிறது, அரவணைப்பு பன்னிரண்டு இடத்தில். மற்ற ஐந்து வேட்பாளர்களின் அறிக்கையிலும் இதே சொற்கள்தான், வரிசைதான் வேறு. எங்கள் ஊரில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும்போது போய்ப் பார்க்கவேண்டும். வியாபாரி மாதிரி ஏலக்காயை உள்ளங்கையில் போட்டு உருட்டுவார், முகர்வார், பொத்தானை அழுத்துவார். பேச்சே கிடையாது. காய் கையில் இருக்கும்போது வாய்க்கு என்ன வேலை?

தம்பியின் கையில் இருந்த காய் இவ்வளவுதான்: மூன்று வருஷத்தில் நான்கு திருத்தம். மூன்று, காற்புள்ளி சேர்த்தது. நான்காவது, பங்களிப்பாளர் பட்டியலில் தன் பெயரின் எழுத்துப்பிழையைத் திருத்தியது. தமிழ் மொழிபெயர்ப்பு வேலையையும் அவரேதான் கேட்டு வாங்கி வைத்திருந்தார். பத்திரமாகத்தான் வைத்திருந்தார்.

ஓட்டுப் போடும் முறையை அவர் தன் அம்மாவுக்கு விளக்கியபோது நான் கூட இருந்தேன். அந்த அம்மா முப்பது வருஷமாக ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறவர். "ஒருத்தருக்கு மட்டும் முத்திரை குத்துறதில்லம்மா. எல்லாருக்கும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசை போடணும். அப்புறம் ரெண்டு ரெண்டு பேரா நிறுத்திப் பாத்து, யாரு யாரை முந்துறாங்கன்னு எண்ணுவாங்க" என்று அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அம்மாவுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "இதானா? சல்லடைதானடா. எட்டு எம்.எம். மேல நிக்கும், ஏழு அதுக்கடுத்து. கீழ விழுற காம்பும் தூசியும்?"

"அதுக்கு ஒரு வரி இருக்கும்மா. மேற்கண்ட யாருமில்லைன்னு."

நம் வாக்குப்பதிவு இயந்திரத்திலும் 2013-இலிருந்து நோட்டா இருக்கிறது. ஆனால் சட்டமன்றத் தேர்தலில் நோட்டா முதலில் வந்தாலும், அடுத்து வந்த ஆசாமிக்குத்தான் மாலை. டெபியனில் அந்தச் சலுகை கிடையாது. 'மேற்கண்ட யாருமில்லை' ஜெயித்தால் மறுபடி தேர்தல்தான். தம்பியின் திட்டத்திலும் அந்த வரியைத் தாண்டாதவருக்கு இடமில்லை.

வேட்பாளர்களிடம் கேள்வி கேட்கும் நாள், உலக நேரப்படி மாலை ஆறு மணி. நமக்கு இரவு பதினொன்றரை. காய் எடுப்புக்காகத் தம்பி அன்றைக்குப் போடிமெட்டுக்கு மேலே தோட்டத்தில் இருந்தார். கீழ்வானம் தெரிகிற ஒரு பாறையில் ஏறி நின்றால் மட்டும் சிக்னல், அதுவும் ஒரு நேரம் தமிழ்நாடு, ஒரு நேரம் கேரளா. மழைத்தூறலில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார். ஃபின்லாந்திலிருந்து ஒருவர் கேட்டார்: "சென்ற ஆண்டு பிறர் அனுப்பிய திருத்தங்களில் எத்தனையைச் சரிபார்த்தீர்கள்?" தம்பி நான்கு நிமிஷம் பேசினார். தன்னார்வம், மனச்சோர்வு, தலைமுறை மாற்றம் எல்லாம் வந்தன. எண் மட்டும் வரவில்லை. அதற்குள் கேரளா வந்து இணைப்பு அறுந்தது. பாறையிலிருந்து இறங்கியவர், "நல்ல நேரத்துல கட்டாச்சு" என்றார். அந்த நேர்மைக்காகவே ஓட்டுப் போடலாம் என்று எனக்குத் தோன்றியது. போட்டேனா என்று கேட்காதீர்கள்.

முடிவு வந்தது. ஆறு பேர் நின்ற தேர்தலில் தம்பி ஏழாவது. டீக்கடையில் இந்தக் கணக்கைப் புரியவைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. "எதிர்ல யாருமே இல்லாதவன்கிட்டத் தோத்தியா?" என்று மாமா உண்மையான வருத்தத்தோடு கேட்டு, அன்றைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

தம்பி சளைக்கவில்லை. 2010-இன் கடைசியில் மீட்டர்கேஜ் ரயில் நின்றுபோன ஊர் இது. அகலப்பாதையில் ரயில் வந்தது 2023 ஜூனில்தான். "ஊரே பன்னெண்டு வருஷம் காத்திருந்துச்சு, நான் ஒரு வருஷம் காத்திருக்க மாட்டனா?" என்கிறார். இதோ, அடுத்த தேர்தலுக்கும் மனுக் கொடுத்தாயிற்று. அறிக்கை இந்த முறை பதினாறு பக்கம்.

மொழிபெயர்ப்புக் கோப்பில் 412 வரிகள் அப்படியே கிடக்கின்றன. தமிழ் தெரிந்த யாராவது சும்மா இருந்தால் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். தேர்தலில் மட்டும் நின்றுவிடாதீர்கள்.