பொன்னாடைக்கு ஒரு பயன்

டிசம்பர் 14 தேசிய எரிசக்தி சேமிப்பு நாள். நம் பல்கலைக்கழக வளாகங்களில் அந்த நாளை அடையாளம் காண்பது சுலபம்: வழக்கத்தைவிட நாலு மடங்கு விளக்கு எரியும். பட்டப்பகலில் அரங்கத்துத் திரைகளை இழுத்து மூடி, வெயிலை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே இருக்கிற அத்தனை சுவிட்சையும் போடுவார்கள். ஏசி 18 டிகிரி. சிறப்பு விருந்தினர் போர்த்திய பொன்னாடையைக் கழற்றாமலே சிக்கனம் பற்றி முழங்குவார். பொன்னாடை மனிதனுக்கு உதவி நான் பார்த்தது அன்றுதான். 2020 முதல் புது ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்கவேண்டும் என்று விதி. தொடங்கத்தான் செய்கின்றன. ரிமோட் யார் கையில்?

வளாகத்தின் பெயர் வேண்டாம். காரைக்குடியில் நின்று எந்தத் திசைக்குப் பஸ் ஏறினாலும் இப்படி ஒன்று வரும்.

பழைய பேன் 75 வாட் தின்கிறது, புதிய பி.எல்.டி.சி. பேன் 30-ல் சுற்றும். அறுநூறு பேன் என்றால் மணிக்கு 27 யூனிட் மிச்சம். கணிதத்துக்கென்று ஒரு துறையே நடத்துகிற இடத்தில் இந்தக் கணக்கு மட்டும் யாருக்கும் வராது. ஏன் வரும்? பேன் வாங்குகிறவர் குறைந்த விலை டெண்டரைப் பார்ப்பார், சுவிட்ச் போடுகிறவர் பில்லைப் பார்த்ததே இல்லை, பில் கட்டுகிற பணம் ஊரான் வீட்டு நெய்.

கானாடுகாத்தானில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டுக்குள் சித்திரை மதியம் போய் நில்லுங்கள். தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த கூரை; நடு முற்றம் வழியாகச் சூடு மேலே ஏறிப் போய்விடும். ஆத்தங்குடிக் கல் பாதத்தில் சில்லென்றிருக்கும். கட்டிய கொத்தனார் பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர். மிதித்தவர்கள் கட்டியது மேற்குப் பார்த்த கண்ணாடி முகப்பு, தலையில் இடிக்கிற ஃபால்ஸ் சீலிங், ஆணியடித்த ஜன்னல். செட்டிநாட்டுக் கட்டடக்கலை பற்றிக் கருத்தரங்கும் நடத்துவார்கள், அதே ஏசி அரங்கில்.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தைக் காரைக்குடிக்கு இழுத்து வந்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்த மனிதர் அவர். அவரை மேடைதோறும் கும்பிடுகிற பெரியவர்கள், எழுந்து போகும்போது ஒரு சுவிட்சை அணைப்பதற்குக்கூட உதவியாளரைக் கூப்பிடுகிறார்கள்.

சிக்கனம் இல்லாமலில்லை. அது விடுதியில் இருக்கிறது. இரவு பதினொன்றுக்குமேல் பிளக் பாயிண்டில் கரண்ட் கிடையாது. படிக்கிற பிள்ளை போனை சார்ஜ் போட வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறது. கெட்டில் வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு அபராதம். காய்ச்சலாம், வெந்நீர் வைத்தாளாம். அந்த விழா அரங்கம் ஒரே பகலில் தின்ற கரண்டில் அவள் எத்தனை வருஷம் வெந்நீர் வைக்கலாம் என்று அந்தக் கணிதத் துறையிடமே யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.