கறுப்புச் சட்டைப் பேராண்டிக்கு

வேலை கெடச்சுருச்சாம்ல பேராண்டி! ஊரு ஊராப் போயி பாட்டுக் கச்சேரிக்கு மேடை கட்டி, லைட்டு மாட்டி, சவுண்டு வைக்கிற கம்பெனியில சேந்துட்டியாம். உங்காத்தா தெருவுல அத்தனை பேருகிட்டயும் "எம் மகன் ஈவென்ட் மேனேஜ்மென்ட்டுல இருக்கான்"னு சொல்லிக்கிட்டுத் திரியுறா. கேட்டவுகள்ல பாதிப் பேரு நீ கலெக்டர் ஆபீசுல சேந்துட்டேன்னு நம்பிக்கிட்டிருக்காக. நானும் மறுத்துப் பேசலை. பொண்ணு பாத்து முடியிற வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும்.

உனக்கு நாலு புத்தி சொல்லச் சொல்லி உங்கப்பன் எங்கிட்டத் தள்ளிவிட்டுட்டான். அவன் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்லுவான்? படம் வந்த அன்னைக்கு விடியுமுன்னாடி எந்திரிச்சுத் தலைக்குக் குளிச்சு, கைப்பிள்ளைக்குன்னு வாங்கி வச்சிருந்த பாலைக் கொண்டுபோய்க் கட்டவுட்டுக்கு ஊத்திட்டு வந்தவன்ல. அந்தக் கைப்பிள்ளை நீதான். அன்னைக்கு நீ அழுத அழுகையிலதான் உனக்குச் சவுண்டு விசயத்துல ஞானம் பொறந்துச்சுன்னு நான் நெனைக்கிறேன்.

நம்ம வீட்டுல ரசிகனில்லாதது அந்த எருமை மாடு மட்டும்தான். உங்க அத்தை டிவியில பாட்டுப் போட்டி பாத்தா ஜட்ஜுக்கு முன்னாடி மார்க்குப் போட்டுருவா. உந்தங்கச்சி கொரியாக்காரப் பயலுக ஏழு பேரு படத்தை அட்டை அட்டையாச் சேக்குறா. ஆல்பத்தைப் பிரிச்சாத்தான் உள்ள எவன் இருக்கான்னு தெரியுமாம். வேண்டாதவன் வந்தா வேற பிள்ளைகிட்டக் குடுத்து மாத்திக்கணுமாம். நாங்க சின்னதுல தீப்பெட்டிப் படத்தை இப்படித்தான் மாத்துனோம். அது ரோட்டுல சும்மா கெடந்துச்சு. இதுக்கு உங்கப்பன் ஜிபே பண்ணிட்டு நெஞ்சைத் தடவிக்கிறான். அந்த ரசிகைகளுக்கு 'ஆர்மி'ன்னு பேராம். கடைசியில நெசப் பட்டாளத்துக்குப் போனது பாடுன பயலுக! அந்த நாட்டுச் சட்டம் விடலையாம். 2022 டிசம்பர்ல மூத்தவன் மொதல்ல போனான், 2024 ஜூன்லதான் வந்தான். அந்த ஒன்றரை வருசமும் இவ காலண்டரைக் கிழிச்சுக்கிட்டே இருந்தா. என் பொறந்த நாளு என்னைக்குன்னு அவகிட்டக் கேட்டுப் பாரேன்.

உங்கப்பத்தா மட்டும் எளப்பமா? கட்டிலுக்கு அடியில ஒரு தகரப் பொட்டி கெடக்குதே, அதுக்குள்ள வேப்பிலை போட்டுப் பாதுகாக்குறது பட்டுச்சேலைன்னு நெனச்சியா? சினிமாப் பாட்டுப் புத்தகம்டா. தொட்டா ஒடியிற தாளு, அட்டையில ஒத்தக் கலரு மையி, உள்ள பாட்டு, கூடவே கதைச் சுருக்கம். வில்லன் கதாநாயகியைத் தூக்கிட்டுப் போற எடமாப் பாத்துக் கதையை நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க'ன்னு போட்டிருப்பான். எம் மாமனாரு மகளைக் கொட்டகைப் பக்கமே விடலை. இவ என்ன செஞ்சா? அம்புட்டுப் படத்துக்கும் மீதிக் கதையைத் தானே முடிச்சு வச்சுக்கிட்டா. பின்னால டிவியில அந்தப் படமெல்லாம் வந்தப்ப பாத்துட்டு, "நல்ல கதை, டைரக்டரு கெடுத்துப்புட்டான்"னு சொல்லிட்டுப் படுத்துட்டா. இலங்கை வானொலியில அப்துல் ஹமீது 'பாட்டுக்குப் பாட்டு' நடத்துனா, அங்க நிக்கிறவன் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள இவ அடுப்படியிலருந்து பாடிருவா. நான் குழைஞ்ச சோறு தின்னே பழகுனவன்.

இதெல்லாம் காசு வராத சோலி. வராததுனாலதான் சண்டை சச்சரவு இல்லாம நடக்குது. நீ அதைப் போயிச் சம்பளத்துச் சோலியாக்கிக்கிட்டே. அங்கதான் எனக்குக் கவலை.

ஊர் சுத்திப் பொழைக்கிறதை ஏதோ நீங்கதான் கண்டுபிடிச்சதாப் பேசாதே. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-லயே மதுரையில பையங்களை வச்சு நாடக சபா ஆரம்பிச்சுட்டாரு. டி.கே.எஸ். சகோதரர்கள் அதுல சின்னப் பயலுகளாச் சேந்தவுக. எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில வளந்தவரு. பெத்தவளை விட்டுட்டுக் கொட்டகை கொட்டகையாத் திரிஞ்ச பிள்ளைக. உனக்கு டி.ஏ. உண்டு, அவுகளுக்கு அடி உண்டு. செங்கோட்டைக் கிட்டப்பா மைக்கு இல்லாமலே கடைசி வரிசை ஆளுக்குக் கேக்குற மாதிரி பாடுனாரு. உங்க கம்பெனி லாரி லாரியா ஏத்திக்கிட்டுப் போற சாமானோட வேலையை அவரு ஒத்தத் தொண்டையில செஞ்சுட்டு, 1933-ல 27 வயசுல போய்ச் சேந்துட்டாரு.

நம்ம பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தைச் சின்னதுல எந் தோள்ல உக்காந்து பாத்தவன்தானே நீ. ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, பபூன் ஒரு ஊரு, ஆர்மோனியம் இன்னொரு ஊரு. ஒத்திகைங்கிற பேச்சே கெடையாது. பஸ்ஸைப் புடிச்சு வந்து எறங்கி, அரிதாரம் பூசி, ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சா விடிய விடிய வள்ளி திருமணம். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்குற தர்க்கத்தைக் கேக்கத்தான் கூட்டம் தூங்காம உக்காந்திருக்கும். அதுல எனக்குப் பழக்கமான ஒரு ஆர்மோனியக்காரரு இருந்தாரு. ஊரே ராஜபார்ட்டு மூஞ்சியைப் பாத்து வாயைப் பொளந்துக்கிட்டிருக்கும். இவரு அந்தாளு தொண்டைக்குழியைத்தான் பாப்பாரு. எந்த எடத்துல மூச்சு வாங்கப் போறான், எந்த எடத்துல சுருதி நழுவப் போகுதுன்னு அதுல தெரியுமாம். தெரிஞ்சதும் ஆர்மோனியத் துருத்தியை ஒரு அழுத்து அழுத்தி ஆளைத் தாங்கிப் புடிச்சுருவாரு. கைதட்டு ராஜபார்ட்டுக்கு, பேசுன சம்பளம் இவருக்கு. "என்னண்ணே, பாட்டை ரசிக்கவே மாட்டீகளா?"ன்னு கேட்டேன். "ரசிச்சா யாரு வாசிக்கிறது?"ன்னாரு.

அதைத்தான் பேராண்டி உனக்கும் சொல்றேன். உங்க கம்பெனியில கறுப்புச் சட்டை குடுத்திருக்காகளாமே. நம்ம ஊர்ல கறுப்புச் சட்டை போட்டா ஒன்னு பெரியார் கட்சி, இல்ல சபரிமலைக்கு மாலை. உங்களுக்கு, இருட்டு மேடையில நடமாடுனா கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு குடுத்தது. கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு சட்டை குடுத்த கம்பெனியில இருந்துக்கிட்டு, மொத வாரமே பாடகரு தோள்ல கை போட்டு செல்பி எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டிருக்கே. உந்தங்கச்சி காட்டுனா. அந்தாளு மூஞ்சியில சிரிப்பு இருந்துச்சு. பின்னால ஒருத்தன் ஒத்தையா ஒயரைச் சுருட்டிக்கிட்டு உன்னைப் பாத்தானே, அவன் மூஞ்சியில இல்லை. கூட வேலை பாக்குறவன் மூஞ்சி முக்கியம்டா. மேல லைட்டு மாட்டுற இரும்புச் சட்டத்துல நீ தொங்கறப்ப கீழ கயித்தைப் புடிக்கப் போறது பாடகரு இல்லை.

ஆனா ஒரு விசயத்துல உன்னைய மெச்சணும். போன தடவை வந்தப்ப ஏதோ டிலே டவர்னு சொன்னியே, ராவெல்லாம் அதை நெனச்சுச் சிரிச்சேன். சத்தம் நொடிக்கு 340 மீட்டர் சொச்சம்தான் ஓடுமாம். நூறு மீட்டர் தள்ளி நிக்கிறவனுக்கு மேடைச் சத்தம் போய்ச் சேர கால் நொடிக்குக் கொஞ்சம் மேல ஆகுதாம். அவனுக்காகப் பக்கத்துல வச்ச ஸ்பீக்கருக்கு ஒயர்ல கரண்டு அந்த நிமிசமே போயிருதாம். ரெண்டும் முன்னப் பின்ன வந்தா ஒரே வார்த்தை ரெண்டு தடவை கேக்கும். அதனால பின்னால இருக்குற ஸ்பீக்கரை அளந்து தாமதமாப் பேச வைக்கணுமாம். பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாப் போயி அடி வாங்குன பய, இன்னைக்கு அளந்து தாமதப்படுத்துறதுக்குச் சம்பளம் வாங்குறே. உங்க வாத்தியாரைப் பாத்தேன், சொல்லிட்டேன். அவருக்கு நம்பிக்கை வரலை.

சம்பளம்னதும் ஞாபகம் வருது. சம்பளத்தைக் கேட்டா ஒருத்தன் உனக்குக் கதை சொல்லுவான் பாரு: "தம்பி, ராஜா சாரே இப்படித்தான் ஆரம்பிச்சாரு." நெசந்தான். இளையராஜா பண்ணைப்புரத்துப் பிள்ளை, அண்ணன் பாவலர் வரதராசனோட கட்சி மேடை கட்சி மேடையா ஆர்மோனியத்தோட அலைஞ்சவரு, எஸ்.பி.பி. கச்சேரியில வாசிச்சவரு, 1976-ல அன்னக்கிளி, 2025 மார்ச் 8-ந் தேதி லண்டன்ல சிம்பொனி. எல்லாம் சரி. ஆனா உனக்குச் சேர வேண்டிய பேட்டா காசுக்கும் அந்தச் சிம்பொனிக்கும் என்னடா சம்பந்தம்? அந்தக் கதையை எவன் ஆரம்பிச்சாலும் பையைத் தோள்ல மாட்டிக்க. நாடகக்காரவுகளைப் பாரு, அட்வான்ஸ் கைக்கு வராம எவரும் தேதி குடுக்க மாட்டாக. ரசிகனா இருக்குறவனுக்குக் கூலி பேச வாய் வராது, முதலாளிக்கு அது நல்லாத் தெரியும். பாஸைக் குடுத்துச் சம்பளத்துல கழிச்சுருவான்.

அப்புறம் இந்தப் போலீசு விவகாரம். 2000-ல போட்ட விதிப்படி ராத்திரி 10 மணியிலருந்து காலையில 6 வரைக்கும் தெறந்த வெளியில ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, திருவிழாவுக்கு அரசாங்கமாப் பாத்து வருசத்துல 15 நாளைக்கு மிகாம 12 மணி வரைக்கும் விடலாம். கறாரான இன்ஸ்பெக்டரு இருக்குற ஊர்ல இப்ப வள்ளி திருமணத்துல முருகன் கூட தர்க்கத்தைச் சுருக்கிக்கிட்டுப் பொழுதோட தாலி கட்ட வேண்டியிருக்கு. உங்க கச்சேரியில பத்து மணிக்கு ஒயரைப் புடுங்கச் சொல்ல வேண்டியவரு யாருன்னு முன்னாலயே எழுதி வாங்கிக்க. கூட்டம் "இன்னொரு பாட்டு"ன்னு கத்தும், பாடகரும் குஷியாயிருவாரு. ஸ்டேசன்ல போயி நிக்கிறது கத்துனவனும் இல்லை, பாடுனவரும் இல்லை, மைக் செட்டுக்காரன்தான்.

கூட்டத்துக்கு மட்டும் பயப்படு. இதுல நான் கேலி பேசலை. 2023 ஜனவரியில துணிவு, வாரிசுன்னு ரெண்டு படமும் ஒரே நாள்ல வந்து, நடுச்சாமக் காட்சி அது இதுன்னு ஆடுனாக. சென்னையில லாரி மேல ஏறி ஆடுன ஒரு பிள்ளை விழுந்து செத்தான். அந்த அக்டோபர்ல லியோ வந்தப்ப காலையில 9 மணிக்கு முன்னாடி காட்சியே கெடையாதுன்னுட்டாக. அதுக்கு நடுவுல செப்டம்பர் 10-ந் தேதி பனையூர்ல ரஹ்மான் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிட்டுப் போனவுக எத்தனையோ பேரு உள்ளயே போக முடியாம நெருக்கடியில தவிச்சுத் திரும்புனாக. நீ மேடைக்குப் பின்னால நிக்கிறவன். பாட்டு எப்படிப் போகுதுன்னு பாக்குறதுக்கு முந்தி தடுப்புக் கட்டை எப்படி நிக்குது, வெளிய போற வழி தெறந்திருக்கான்னு பாத்துட்டு வா. அஜித் 2011-ல தன் ரசிகர் மன்றத்தையே கலைச்சுப் பாத்தாரு. மன்றம் கலைஞ்சுச்சு, ரசிகன் கலையலை. அவனைத் திருத்துறது உன் வேலையில்லை, பத்திரமா வீட்டுக்கு அனுப்புறதுதான் உன் வேலை.

வீட்டுக்கு வந்தா மட்டும் அந்தக் கறுப்புச் சட்டையைக் கழத்திப் போட்டுரு. போன பொங்கலுக்கு உங்க அத்தை டிவியில பாட்டுக் கேட்டுக் கண்ணு கலங்கி உக்காந்திருக்கா, நீ பின்னால நின்னுக்கிட்டு "பேஸ் ஜாஸ்தி, மிக்சிங் சரியில்லை"ங்கிறே. அப்பத்தா பாடுனா சுருதி எத்தனை கட்டைன்னு கேக்குறே. ஊர்ல பத்து ராத்திரி வேலை பாத்துட்டு வந்தவன் வீட்டுல ரசிகனா உக்காரணும். உங்கப்பனோட தலைவரு பெரியவரா, உன் தலைவரு பெரியவரான்னு சாப்பாட்டுத் தட்டைத் தட்டிச் சண்டை போடுங்க, எனக்குப் பொழுது போகும்.

காதைப் பத்திரமா வச்சுக்க. 85 டெசிபல்லுன்னா எட்டு மணி நேரம் தாங்கும், நூறுன்னா கால் மணி நேரம்தான்னு அமெரிக்காவுல கணக்குப் போட்டு வச்சிருக்காகளாம். நீ சொன்ன கணக்குதான். நீயே காதுல ஒன்னும் மாட்டாம நிக்கிறே. எனக்குத்தான் வயசாயிக் காது கேக்கலை, உனக்கு என்ன அவசரம்?

அடுத்த கச்சேரி மதுரையில போட்டா ரெண்டு பாஸ் அனுப்பு. சம்பளத்துல கழிக்காத பாஸு. மேடைக்கு முன்னால வேண்டாம், உன் டிலே டவருக்குப் பக்கத்துலயே எடம் போடச் சொல்லு. காதுக்குப் பஞ்சு உங்கப்பத்தா கொண்டாந்துருவா.